குழந்தைக் குருதிப் புற்றுநோய்: மருந்தும் இடரும்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தைப் பாடமாக நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் காப்புப் பருவத்தில் சற்று நின்று மேற்செல்வது எம் வழக்கம். பத்துப் பருவங்களுள் முதலாவது அது. குழந்தை செங்கீரை ஆடுவதற்கும் சப்பாணி கொட்டுவதற்கும் அம்புலியை அழைப்பதற்கும் முன்னர், அது நோய்நொடியின்றி உயிரோடிருக்க வேண்டும் என்னும் வேண்டுதல் வந்துவிடுகிறது. இசுலாமியப் புலவர்கள் பாடிய பிள்ளைத்தமிழ் நூல்களும் இறைவனிடம் காப்பு வேண்டும் இம்மரபைக் கைவிடவில்லை. பிறந்த குழந்தைகளுள் பல வளர்ந்து ஆளாகாமலே மறைந்த காலத்தில் தோன்றிய இலக்கிய வகை இது என்று சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

அக்காலத்து அச்சங்களுட் சில இன்றில்லை. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என்று 1980இல் அறிவிக்கப்பட்டது. இளம்பிள்ளைவாதம் நீங்கிய நாடு என்னும் சான்றினை இந்தியா 2014இல் பெற்றது. இவற்றில் பெற்றோர் செய்ய வேண்டியிருந்தது எளிய செயலே; ஓர் ஊசி, சில சொட்டு மருந்து. ஆனால் மருந்தே உடலை வருத்துவதாயும், அம்மருந்தின்றிப் பிழைக்க வழியில்லாததாயும் அமைந்த நோய்கள் சில உள்ளன. அங்கே காப்பு என்பது ஒருநாட் செயலன்று. ஈராண்டு, மூவாண்டு நாள்தோறும் எடுக்க வேண்டிய முடிவு. அத்தகைய நோய்களுள் குழந்தைகட்கு வரும் குருதிப் புற்றுநோயை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். யாம் மருத்துவர் அல்லேம், தமிழ் பயிற்றுபவர். எனினும் இதனை எழுதுவதற்கு எமக்கு ஒரு கடன் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் எம் துறையறை வாயிலில் வந்து நின்றார். அவர்தம் தம்பிக்கு ஆறு வயது. காய்ச்சலும் கால்வலியுமாகத் தொடங்கிய நோய் குருதிப் புற்றுநோய் எனத் தெரிந்து, ஓராண்டாகச் சென்னையில் மருத்துவம் நடந்துவந்தது. தந்தையார் லாரி ஓட்டுநர். "ஐயா, தம்பி இப்போது ஓடியாடித் திரிகிறான். தலைமுடிகூட முளைத்துவிட்டது. இனி எதற்கு மாத்திரை, எதற்கு மாதாமாதம் சென்னைக்கு அலைச்சல் என்று அத்தா கேட்கிறார். மாமாவும் அதையே சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், ஐயா?" என்றார். வீட்டுப் பெரியவர்கள் கூடி எடுக்கும் முடிவில் பிறர் தலையிடுவது முறையன்று என்று எண்ணி, "அத்தா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், துஆ செய்வோம்" என்று கூறி அனுப்பினோம். மரியாதையான விடைதான். அறியாமையின் விடையும் அதுவே.

நோயின் இயல்பு

எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையிலே குருதியணுக்கள் பிறக்கின்றன. நிணநீர் வகை வெள்ளணுக்களாக முதிர வேண்டிய இளம் அணுக்கள், முதிராமலே பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்வதே இந்நோய். ஏனைய அணுக்களுக்கு அங்கு இடமில்லாமற் போகிறது. சிவப்பணு குறைவதால் வெளிறலும் சோர்வும். தட்டணு குறைவதால் ஈறில் குருதிக்கசிவும், அடிபடாமலே தோலில் நீலத் தழும்பும். நோயெதிர்க்கும் வெள்ளணு குறைவதால் விடாத காய்ச்சலும் உண்டாகின்றன. எலும்பு வலியால் நடக்க மறுக்கும் குழந்தையைப் பள்ளிக்குச் செல்லச் சோம்புகிறது என அதட்டிய பெற்றோர் பின்னர் வருந்தக் கண்டிருக்கிறோம்.

இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இது மிகுதி. பெரும்பாலோர்க்கு இன்ன காரணத்தால் வந்தது என்று சுட்ட இயலாது. இது ஒட்டுவாரொட்டியன்று. தாய் கருவுற்றிருந்தபோது உண்ட உணவால் வந்ததன்று, கண்ணேறால் வந்ததுமன்று. இதனை அழுத்திச் சொல்லக் காரணம், பல வீடுகளில் நோய் தெரிந்த மறுநாளே தாயின்மேல் பழி விழுகிறது என்பதே. மருத்துவம் செய்யாது விட்டால் வாரங்களிலோ சில மாதங்களிலோ உயிர் போகும். மருந்தின் இடர்களை எடைபோடும்போது தராசின் மறுதட்டில் இவ்வுண்மை எப்போதும் இருக்கிறது.

மருந்து வந்த வழி

1940களின் நடுப்பகுதி வரை இந்நோய்க்கு மருந்து என்று ஒன்றுமில்லை. பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் கொடுத்தால் நோய் தணிவதற்கு மாறாக விரைவதைக் கண்டார். ஊட்டினால் நோய் வளருமாயின், அவ்வூட்டத்தைத் தடுத்தால் தளரும் அன்றோ? அமினோப்டெரின் என்னும் எதிர்ப்பொருளைப் பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. 1948 சூனில் இச்செய்தி வெளிவந்தது. தணிவு சில மாதங்களே நீடித்தது. பின்னர் நோய் திரும்பிற்று. எனினும் மருந்தால் அசைக்கக்கூடிய நோய் இது என்று முதன்முறையாக உலகுக்குத் தெரிந்தது.

அம்மருந்தைத் தந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் சென்னையிற் பயின்ற ஒருவர் என்பது நம்மிற் பலர் அறியாதது. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் எல்.எம்.எஸ். சான்றோடு வெளியேறியவர். உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். அமெரிக்கா சென்று லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தைத் தொகுத்த குழுவை நடத்தினார். அதன் எதிர்ப்பொருள்களும் அங்கேயே உருவாயின. 1948 ஆகஸ்டில் மறைந்தார். அமினோப்டெரினின் உடன்பிறப்பாகிய மெத்தோட்ரெக்சேட் இன்றளவும் ஒவ்வொரு நோயுற்ற குழந்தைக்கும் கொடுக்கப்படுகிறது. நம் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக அச்சிடப்பட வேண்டும் என்பது எம் கருத்து.

மற்றொரு மருந்து நம் வீட்டு முற்றத்துச் செடியினின்று வந்தது. நித்தியகல்யாணி என்றும், ஊர்ப்புறத்தே சுடுகாட்டு மல்லி என்றும் வழங்கும் செடியின் இலையிலிருந்து பிரிக்கப்படுவது வின்கிறிஸ்டின். 1963இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை தேவை. ஆதலின் இலையை அரைத்துக் குடித்தால் போதும் என்பார் கூற்று ஏற்புடையதன்று. இம்மருந்தை நரம்பு வழியாக, அதாவது குருதிநாளம் வழியாக மட்டுமே செலுத்த வேண்டும். தவறி முதுகுத்தண்டில் செலுத்தினால் உயிரையே பறிக்கும். மெத்தோட்ரெக்சேட்டோ முதுகுத்தண்டிலும் செலுத்தப்படுவது. ஒரே குழந்தைக்கு இரண்டும் கொடுக்க வேண்டியிருப்பதால், இரு மருந்துகளும் ஒரே வேளையில் ஒரே மேசையில் இருத்தல் ஆகாது என்பது உலகெங்கும் வற்புறுத்தப்படும் விதி. உயிர் காக்கும் பொருளே கையாளும் வழி பிறழ்ந்தால் நஞ்சாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எவ்வளவு போதும்?

தனித்தனி மருந்துகள் நோயைத் தணித்தனவேயன்றி நீக்கவில்லை. 1962இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட செயிண்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கெல் மருந்துகளை ஒன்றுசேர்த்து, நெடுநாள் கொடுக்கும் திட்டங்களை வகுத்தார். அந்நாளில் இந்நோயினின்று பிழைத்தவர் நூற்றுக்கு நால்வர் என்பர். மருந்து எட்டாத மூளையிலும் தண்டுவட நீரிலும் நோயணுக்கள் ஒளிந்திருந்து திரும்பிவருவதை உணர்ந்த அவர், தலைக்குக் கதிர்வீச்சு அளித்தார். நம் மக்கள் 'கரண்டு வைப்பது' என்பது இதனையே. 1960களின் இறுதியில் அவர்தம் ஐந்தாம் திட்டத்தில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தனர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையில்லை. பிழைத்த குழந்தைகள் வளர்ந்தனர். சிலர் பள்ளியில் கணக்கிலும் நினைவாற்றலிலும் பின்தங்கினர். சிலர் உயரம் குன்றினர். சிலர்க்குப் பல்லாண்டு கழித்து மூளையில் வேறு கட்டி தோன்றியது. காத்த கதிரே காயமும் செய்தது. ஆகவே கதிர்வீச்சின் அளவைக் குறைத்து, பின்னர்ப் பெரும்பாலான குழந்தைகட்கு அதனை அறவே நீக்கி, முதுகுத்தண்டில் மருந்து செலுத்துவதைப் பெருக்கினர். அதனால் நோய் கட்டுப்படுவது குறையவில்லை. செல்வ நாடுகளில் இன்று நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் பிழைக்கின்றனர். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது என்று அஞ்சி மறுக்கும் பெற்றோர், அவ்வூசி எந்தப் பேரிடரை விலக்க வந்தது என்பதை அறிதல் வேண்டும்.

'வலிய மருந்தாகக் கொடுங்கள், டாக்டர்' என்று கேட்பவரும் உளர். மிகுதி என்பது மேன்மையன்று. ஒன்றுமுதல் பத்து வயதுக்குள் இருத்தல், தொடக்கத்தில் வெள்ளணு எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்குக் குறைந்திருத்தல், முதல் வாரங்களில் மருந்துக்கு நோய் இணங்குதல், அணுக்களின் மரபுக்கூறு ஆகியவற்றைக் கொண்டு குழந்தையின் நிலை வகுக்கப்படுகிறது. இடர் குறைந்த குழந்தைக்குக் கடுமருந்து கொடுத்தால் நோயினும் மருந்தே அதனை வீழ்த்தக்கூடும். டாக்சோரூபிசின் மிகுந்தால் இதயம் தளரும். ஸ்டீராய்டு நோயணுவை அழிக்கும். அதுவே எலும்பையும் நலிவிக்கும், தொற்றையும் மறைக்கும். அஸ்பராஜினேஸ் கணையத்தை அழற்றும்.

மருத்துவமனையின் வசதியும் இதிற் சேரும். இரத்த வங்கியும் தீவிர மருத்துவப் பிரிவும் போதாத இடத்தில் மேனாட்டு முறையை அப்படியே பின்பற்றுதல் குழந்தைக்குக் கேடாகும். இதனைக் கருதி வகுக்கப்பட்டதே எம்.சி.பி. 841 என்னும் முறை. 1984இல் தொடங்கப்பெற்ற இதனை மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும், சென்னை அடையாறு புற்றுநோய் மையமும் பின்பற்றின. அடையாறு நிலையம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் எழுந்தது. டாக்டர் சாந்தா தம் வாழ்நாளை அங்கேயே கழித்து 2021இல் மறைந்தார். ஏழைக் குழந்தையும் பிழைக்கலாம் என்பதை நம் மண்ணில் மெய்ப்பித்தவர்கள் இவர்கள்.

நலம் என்னும் மயக்கம்

மருத்துவம் தொடங்கிய நான்கைந்து வாரங்களில் பெரும்பாலான குழந்தைகட்கு நோயணு நுண்ணோக்கியில் தென்படாத நிலை வந்துவிடுகிறது. இது தணிவேயன்றி நீக்கம் அன்று. கண்ணுக்குத் தோன்றாமல் நோயணுக்கள் கோடிக்கணக்கில் எஞ்சியிருக்கக் கூடும். அவற்றை ஒழிக்கச் சில மாதங்கள் கடுமருத்துவமும், அதன்பின் நாள்தோறும் வீட்டில் உண்ணும் மாத்திரையும் தேவைப்படுகின்றன. மொத்தம் இரண்டு முதல் மூன்றாண்டு. இம்மாத்திரைகளுள் முதன்மையான மெர்காப்டோபூரினைக் கண்டவர்களாகிய கெர்ட்ரூடு எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்சும் 1988இல் நோபல் பரிசு பெற்றனர். மாத்திரையை அடிக்கடி தவறவிட்ட குழந்தைகளிடம் நோய் திரும்புதல் மிகுதி என ஆய்வுகள் காட்டியுள்ளன. சில குழந்தைகளின் உடல்வாகு இம்மாத்திரையின் வழக்கமான அளவைத் தாங்காது. ஆதலால் குருதிச் சோதனை செய்து அளவைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பர். மாதாமாதம் அலைவது எதற்கு என்னும் வினாவுக்கு விடை இதுவே.

ஆகவே குழந்தை நோயாளியாய்த் தோன்றும் நாள்களில் எவரும் மருத்துவத்தை நிறுத்துவதில்லை. நன்றாய்த் தோன்றும் நாள்களிலேயே நிறுத்துகின்றனர். முடி முளைத்துவிட்டது, பசி எடுக்கிறது, பந்து விளையாடுகிறான். மாத்திரையோ வாய்ப்புண்ணையும் சோர்வையும் தருகிறது. பார்ப்பவர்க்கு மருந்துதான் நோயாகத் தெரிகிறது. எம் மாணவரின் தம்பிக்கும் அப்படியே நிறுத்தினர். ஐந்தாம் மாதம் கால்வலி மீண்டும் வந்தது. மருத்துவத்தின் இடையே திரும்பும் நோய் முன்னினும் வன்மையது. முன்பு கேட்ட மருந்துக்கு இப்போது கேட்பதில்லை.

காய்ச்சல் வந்த இரவு

இப்பகுதியைப் பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டும். மருத்துவம் பெறும் குழந்தைக்கு வெள்ளணு மிகக் குறைந்திருக்கும் நாள்களில் காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால், அது விடியும்வரை பொறுக்கும் செய்தியன்று. குருதியில் கிருமி பரவினால் சில மணிநேரத்தில் உயிர் போகலாம். மருத்துவமனை சேர்ந்த ஒருமணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து நாளத்தில் ஏற வேண்டும் என்பது விதி. பாராசிட்டமால் கொடுத்துச் சூட்டைத் தணித்துவிட்டுக் காத்திருத்தல் நெருப்பின்மேல் பாய் விரிப்பது போன்றது. பக்கத்துத் தெரு மருத்துவரிடம் இடுப்பில் ஊசி போடுவதும் ஆகாது. தட்டணு குறைந்திருந்தால் தசைக்குள் குருதி கட்டும். ஆஸ்பிரினும் கூடாது.

நம் இல்லங்களில் நோயுற்ற குழந்தையைக் காண உறவினர் திரளாக வருவது அன்பின் வெளிப்பாடு. தட்டம்மையோ சின்னம்மையோ கண்ட வீட்டிலிருந்து வருவோர் அவ்வன்போடு கொண்டுவருவது வேறு. வாயிலில் நின்று சலாம் சொல்லிச் செல்வதே அந்நாளில் உயர்ந்த நலம் விசாரிப்பு.

கூடிப் பேசும்போது

மருத்துவமனையில் குழந்தையின் பக்கத்திலேயே இருப்பவர் தாய். மருத்துவர் விளக்கும் செய்தி அவர் காதில்தான் விழுகிறது. எந்த மாத்திரை எந்நாள், எந்த ஊசிக்குப் பின் குழந்தை வாந்தியெடுத்தது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். ஆனால் வீட்டில் கூடிப் பேசி முடிவெடுக்கும் வேளையில் அவர் அடுக்களையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கிறார். கூடத்தில் பேசுவோர் எவரும் மருத்துவரை நேரில் கண்டவரல்லர். எம் மாணவர் வீட்டிலும் அன்று நடந்தது இதுவே என்று பின்னர் அறிந்தோம். பெரியோரைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. தாயையும் கூடத்தில் அமர்த்துங்கள் என்றே வேண்டுகிறோம்.

மருத்துவரிடம் வினவுதல் அவமதிப்பு ஆகாது. இம்மருந்தின் நோக்கம் நோயை நீக்குவதா, தணிப்பதா? கொடுக்காவிடில் என்னாகும்? இதனினும் மெல்லிய வழி உண்டா? எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும்? எவ்வளவு காலம், எவ்வளவு செலவு? இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டே போகலாம். நாட்டு மருந்து கொடுத்துவந்தால் அதனையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். சித்த மருத்துவம் நம் முன்னோர் கண்ட செல்வம். யாம் அதன் சுவடிகளைப் பாடமாகவே கற்றவர். ஆயினும் பாதரசமும் பிற உலோகமும் சேர்ந்த பற்பம், செந்தூரங்களை இம்மருந்துகளோடு மறைவாகக் கொடுத்தால் ஈரலும் சிறுநீரகமும் இரட்டைச் சுமை தாங்கா.

நோய் இறைவன் நாட்டம், மருந்து எதற்கு என்பாரும் நம்மிடையே உளர். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்புச் சாட்டச் சொன்னதும் அவர்கள் அறியாதவையல்ல.

பணத்தின் செய்தியை ஒளிக்க வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. தொடர்வண்டிக் கட்டணம், சென்னையில் அறை வாடகை, தந்தை வேலைக்குப் போகாத நாள்களின் கூலி இவற்றை அது தாங்குவதில்லை. மருத்துவம் பெரும்பாலும் இங்கேதான் அறுபடுகிறது. அந்த லாரி ஓட்டுநர் மகன்மேல் அன்பில்லாமல் நிறுத்தினார் அல்லர். ஒவ்வொரு பயணத்துக்கும் நான்கு நாள் ஓட்டம் போயிற்று. ஊர் ஜமாஅத்தும் பைத்துல்மாலும் பெருந்தொகை திரட்டி ஒருமுறை கொடுப்பதைக் காட்டிலும், மாதந்தோறும் சிறுதொகை ஈராண்டு தவறாது கொடுத்தால் குழந்தை பிழைக்க வழியுண்டு.

மருந்து தோற்கும்போது

நோய் திரும்பிய குழந்தைகட்கு வேறு மருந்துத் திட்டங்களும், எலும்பு மஜ்ஜை மாற்றமும் உள்ளன. குழந்தையின் சொந்த வெள்ளணுவையே மாற்றியமைத்து நோயணுவைத் தாக்கச் செய்யும் முறைக்கு அமெரிக்கா 2017இல் இசைவளித்தது. இவையனைத்தும் இடரும் செலவும் மிக்கவை. எல்லாக் குழந்தைக்கும் ஏற்றவையுமல்ல. நீக்க இயலாது என்று தெளிந்தபின் வலியின்றி வைத்திருப்பதும் ஒரு மருத்துவமே. அதனைக் கைவிடுதல் என்று எண்ணுவது பிழை. மார்ஃபின் கொடுத்தால் குழந்தை அதற்கு அடிமையாகிவிடும் என்னும் அச்சம் பொருந்தாது. மருத்துவர் அளந்து கொடுக்கும் அளவு வலியைப் போக்கி உறங்கச் செய்கிறது. இம்மருந்து எளிதில் கிடைப்பதற்காகவே போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பெற்றது. அண்டையிலுள்ள கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், வீடு தேடிச் சென்று இப்பணியைச் செய்யும் வழியை நாட்டுக்குக் காட்டியது.

அச்சிறுவனுக்கு இரண்டாம் முறை மருந்து பயன்தரவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவனே கேட்டான். கடைசி ஏழு வாரம் ஊரில் இருந்தான். வலிக்கு மருந்து இருந்தது. மாலையில் அண்ணன் கல்லூரி விட்டு வரும் நேரத்துக்குத் திண்ணையில் அமர்ந்திருப்பான் என்று அவன் தாயார் எம்மிடம் சொன்னார். அன்று துறையறையில் நாம் சொன்ன விடையைப் பற்றி அவர்கள் வீட்டில் எவரும் எம்மைக் கேட்கவில்லை.

அம்மாணவர் இப்போது பள்ளி ஆசிரியர். ஆண்டுக்குச் சில முறை தட்டணுக் கொடை அளித்துவருகிறார். சிவப்பணுவைப் போல் வாரக்கணக்கில் தட்டணுவைச் சேமிக்க இயலாது. ஐந்து நாள்களே தங்கும். ஆதலின் ஆண்டுக்கொருமுறை கல்லூரியில் நடக்கும் குருதிக்கொடை முகாம் மட்டும் போதாது. அழைத்த அன்று வரக்கூடியவர் பட்டியல் வேண்டும். அவர் கேட்டுக்கொண்டபடி அத்தகைய பட்டியல் ஒன்று எம் துறை நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. பதினெட்டு வயது நிறைந்த மாணவர்கள் பெயரும் குருதி வகையும் எழுதிச் செல்லலாம். இவ்வாண்டுத் தாளில் இன்னும் இடமிருக்கிறது.